வேர் என்னும் அதிகாரம்

2008-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஜி1’ என்ற கைப்பேசிதான் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு உலகுக்கு அறிமுகமான முதற் சாதனம். தைவான் நாட்டு எச்டிசி நிறுவனம் செய்த அந்தக் கைப்பேசியின் திரையைச் சற்றே நகர்த்தினால், அதன் அடியிலிருந்து பொத்தான்கள் நிறைந்த ஒரு சிறு விசைப்பலகை வெளிப்படும். அது கடைகளுக்கு வந்து சில வாரங்களே கழிந்திருந்த நிலையில், அதை வாங்கியிருந்த ஒருவர், கைப்பேசியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிய பின்னர், ஏன் இத்தனை நேரம் பதில் இல்லை என்று வினவியிருந்த தம் தோழிக்குக் காரணத்தைத் தெரிவிக்கும் பொருட்டு, ‘ரீபூட்’ என்ற ஒரே சொல்லைத் தட்டினார். தட்டி முடித்ததுதான் தாமதம். கைப்பேசி அச்சொல்லைத் தனக்கு இட்ட கட்டளையாகவே பாவித்து, தன்னைத்தானே அணைத்து மறுபடியும் உயிர்ப்பித்துக்கொண்டது.

ஆராய்ந்து பார்த்தபோது காரணம் புலப்பட்டது. கைப்பேசியை உருவாக்கியவர்கள் தங்கள் சோதனைகளுக்காகத் திறந்து வைத்திருந்த ஒரு கட்டளை வாயிலை மூட மறந்துவிட்டார்கள். விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தும் திரையில் தோன்றுவதோடு, எவர் கண்ணுக்கும் புலனாகாமல் அந்த வாயிலுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவ்வாயிலுக்குள் உட்கார்ந்திருந்ததோ சாதாரணப் பயனர் அன்று. எந்தக் கோப்பையும் படிக்கவும், எதையும் அழிக்கவும், எந்த விதியையும் மாற்றவும் அதிகாரம் படைத்த ‘ரூட்’ என்னும் பயனர். கூகுள் நிறுவனம் விரைவிலேயே ஒரு புதுப்பித்தலை அனுப்பி அந்த வாயிலை அடைத்துவிட்டது. ஆனால் அடைபடுவதற்கு முன்பே, தம் கைப்பேசியைத் தாமே ஆள வேண்டும் என்ற ஆவல் கொண்ட சிலர் அந்த வழியே உள்ளே புகுந்து, புதுப்பித்தலே தங்களை வெளியேற்ற முடியாதபடி ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை ‘ரூட்’ செய்யும் வழக்கத்தின் பூர்வோத்தரம் இதுதான். பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்குப் பெரும் விபரீதமாகத் தோன்றிய அதே ஓட்டை, உரிமையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்குப் பெரும் பாக்கியமாகத் தோன்றிற்று. தம் அந்தரங்கத்தைக் காக்கத்தக்க ஒரு கைப்பேசியைத் தேடி இன்று கடைக்குப் போகும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ இவ்விரு கவலைகளையும் ஒருங்கே சுமந்துகொண்டுதான் போகிறார்கள்.

‘ரூட்’ என்ற அந்தப் பயனர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவரும் தொடங்கிய ‘யூனிக்ஸ்’ இயங்குதளம், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்டு உபயோகித்த காலத்தின் சிருஷ்டி. ஒருவருடைய கோப்புகளை மற்றொருவர் அவருடைய சம்மதமின்றிப் படிக்கலாகாது என்பது அதன் ஆதார விதிகளுள் ஒன்று. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. அவரவர் எண்ணுக்கு உரிய எல்லைக்குள் அவரவர் நடமாடலாம். ஆனால் கணினியைப் பழுது பார்க்கவும், புதிய பயனர்களைச் சேர்க்கவும், நெறி தவறியவர்களை நீக்கவும் எல்லைகளுக்கு அப்பாற்பட்ட ஒருவர் வேண்டும் அல்லவா? அவருக்குப் பூஜ்யம் என்ற எண்ணைக் கொடுத்தார்கள். கோப்புகள் எல்லாம் கிளைத்துப் பரவும் மரத்தின் அடிக்கு ‘ரூட்’, அதாவது ‘வேர்’, என்று பெயர். அந்த வேர்வரை கை நீட்ட வல்லவர் ஆதலின், அவருக்கும் அதே பெயர் அமைந்தது.

ஆண்ட்ராய்டு, யூனிக்ஸின் நெறிகளைப் பின்பற்றி 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்ற கருவின் மேல் எழுப்பப்பட்டது. அதை எழுப்பியவர்கள் பழைய விதியை ஒரு புதிய சூழ்நிலைக்குப் பொருத்திய விதம் நெடிது நின்று வியக்கத்தக்கது. கைப்பேசி ஒருவருக்கே உரியது; பலர் கூடி உபயோகிக்கும் பொதுக் கணினி அன்று. ஆகவே பயனர் எண்கள் என்னும் ஏற்பாடு அதற்கு வீண் என்று வேறொருவர் எண்ணியிருக்கக் கூடும். அவர்களோ, இனி ஒன்றையொன்று நம்பாமல் ஒரே கூரையின் கீழ் வாழப் போகிறவை செயலிகளே என்று கண்டு, ஒவ்வொரு செயலியையும் ஒரு தனிப் பயனராகப் பாவித்து, 10,000-இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கினார்கள். வங்கிச் செயலி ஓர் அறையில், விளையாட்டுச் செயலி மற்றோர் அறையில், கடிதச் செயலி வேறோர் அறையில். ஒன்றின் அறைக்குள் மற்றொன்று எட்டிப் பார்க்க இயலாது. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் ‘எஸ்இ லினக்ஸ்’ என்ற இன்னொரு காவலையும் முழுமையாக அமல்படுத்தினார்கள். அது பூஜ்ய எண்ணோடு ஓடும் நிரல்களைக் கூட இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என்று வரையறுத்து நிறுத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் கைப்பேசியின் சொந்தக்காரருக்கு எந்த எண் கிடைத்தது? எதுவும் கிடைக்கவில்லை. பூஜ்யம் என்ற அரியணை இருக்கிறது. அதில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. இங்கேதான் நியாயமான ஒரு குமுறல் எழுகிறது. என் உழைப்பின் பணத்தைக் கொடுத்து நான் வாங்கிய பொருளில், நான் விரும்பாத செயலியை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை. என் தகவலை எங்கோ அனுப்பும் நிரலைத் தடுக்க எனக்கு வழியில்லை. என் வீட்டிலேயே நான் குடிக்கூலிக்கு இருப்பவனா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்திற்கு விதிவிலக்குகளை வகுக்கும் அதிகாரிகள் 2010-ஆம் ஆண்டிலேயே, கைப்பேசியின் பூட்டைத் தன் சொந்த உபயோகத்திற்காக உடைப்பது குற்றமாகாது என்று விதித்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

அந்தக் குமுறலுக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத், 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கூகுளின் கைப்பேசியும் சரி, ஆப்பிளின் கைப்பேசியும் சரி, எவரும் தொடாமல் மேஜைமேல் கிடக்கும்போதும் சராசரியாக நாலரை நிமிஷத்துக்கு ஒருமுறை தம்மைச் செய்தவர்களுக்குத் தகவல் அனுப்புகின்றன என்று அளந்து காட்டினார். அதே ஆண்டின் பிற்பகுதியில், எடின்பரோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சாம்ஸங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மி ஆகியவை தரும் ஆண்ட்ராய்டு வகைகளையும் பரிசோதித்தார். அவற்றில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு, நீக்கவும் இயலாமல் இருக்கும் அந்நியச் செயலிகளும் தகவல் அனுப்பக் கண்டார். அந்தச் சோதனைக்கு உட்பட்டவற்றுள் ‘/இ/ஓஎஸ்’ என்ற ஒன்று மட்டும் ஏறத்தாழ மௌனமாக இருந்தது. மாண்ட்ரேக் என்ற லினக்ஸ் வகையைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் கேல் துவால் தொடங்கிய இயங்குதளம் அது. சுதந்திரமானது என்று பேர்பெற்ற ‘லினேஜ் ஓஎஸ்’ தன்னைச் செய்தவர்களுக்கு ஒன்றும் அனுப்பாமற் போயினும், அதன்மேல் கூகுளின் செயலிகளை ஏற்றியிருந்தபடியால், கூகுளுக்கு மற்றவற்றைப் போலவே அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த ஒரு பரிசோதனை, பின்னால் நாம் எட்டவிருக்கும் முடிவுக்கு நல்ல பிரமாணம். தகவல் வெளியேறுவது, எந்த நிரல் எந்த அதிகாரத்தோடு உள்ளே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேரின் அதிகாரம் சொந்தக்காரர் கையில் இருக்கிறதா இல்லையா என்பதை அது கேட்பதில்லை.

சரி, ரூட் செய்வது என்றால் நடைமுறையில் என்ன நிகழ்கிறது? கைப்பேசி உயிர்பெறும்போது தொடக்கத்திலேயே விழித்தெழுந்து, அடுத்து எந்த நிரலை எழுப்புவது என்று தீர்மானிக்கும் ‘பூட்லோடர்’ என்ற சிறு நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும் கணத்தில் கைப்பேசியில் உள்ள சொந்தத் தகவல்கள் யாவும் அழிக்கப்படும். இது தண்டனை அன்று. திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளிருப்பதைப் படித்துவிடலாகாது என்ற முன்னெச்சரிக்கை. பிறகு, ஜான் வூ என்ற இளைஞர் 2016-இல் வெளியிட்ட ‘மேஜிஸ்க்’ போன்ற ஒரு கருவியைக் கொண்டு, கைப்பேசியின் தொடக்க நிரலில் ஒரு திருத்தத்தைச் செருகுவார்கள். அதன் பின்னர் எந்தச் செயலியேனும் பூஜ்யத்தின் அதிகாரத்தைக் கேட்டால், ‘கொடுக்கலாமா, மறுக்கலாமா?’ என்று திரையில் ஒரு வினா எழும். ‘கொடு’ என்று விரல் பட்ட மாத்திரத்தில், அந்தச் செயலிக்கு எல்லா அறைகளின் சாவியும் கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் வாசகர் சிறிது நின்று நிதானிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ரூட் செய்தவர், அரியணையில் தாம் ஏறி அமர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். ஆனால் மனிதர் கைப்பேசிக்குள் நுழைய முடியாது. நுழைவது எப்போதும் ஒரு நிரலே. அவர் ஏற்றி வைத்தது, விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு செயலியை. அல்லது நகல் எடுக்கும் ஒரு செயலியை. அல்லது அழகுக்காக எழுத்துருவை மாற்றும் ஒன்றை. அதை எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் எழுதியதில் ஒரு பிழை இருந்து, அப்பிழையை வேறொருவன் கண்டுபிடித்துவிட்டால், அவன் கைக்குக் கிடைப்பது அந்தச் செயலியின் ஒரு சிறு அறை அன்று; வீடு முழுதும். வங்கியின் இரகசியமும், வைத்தியருக்கு அனுப்பிய சீட்டும், மனைவிக்கு எழுதிய கடிதமும் ஒரே சாவிக்கொத்தில் தொங்குகின்றன. அறைகளுக்கு இடையே சுவர் வைத்து அந்தரங்கத்தைக் காத்த ஒரு வீட்டில், எல்லாச் சுவர்களுக்கும் பொதுவான ஒரு வாசலை நாமே இடித்துத் திறந்துவிட்டு, அந்தரங்கத்தைத் தேடுகிறோம்.

இதை வெறும் அச்சம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2014-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹாட்ஸ் என்பவர், லினக்ஸ் கருவில் அப்போது வெளிப்பட்டிருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, ஒரே பொத்தானை அழுத்தினால் கைப்பேசியை ரூட் செய்துவிடும் ‘டவல்ரூட்’ என்ற செயலியை வெளியிட்டார். சொந்தக்காரர்களுக்கு உதவும் எண்ணத்தோடு வெளியான அது பலருக்கு உதவியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016-இல், புதுப்பித்தல் கிடைக்காத பழைய கைப்பேசிகளில், வலைப்பக்கத்தில் வந்த ஒரு விளம்பரத்தின் வழியே நுழைந்து, சொந்தக்காரர் எதையும் தொடாமலேயே சாதனத்தைப் பூட்டிப் பணயப் பணம் கேட்ட ஒரு தீநிரலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, அதன் உள்ளே அதே டவல்ரூட்டின் பகுதி இருக்கக் கண்டார்கள். அதே 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமைக் காவலர் அகமது மன்சூருக்கு ஐயத்துக்கிடமான இரண்டு செய்திகள் வந்தன. அவர் அவற்றில் உள்ள தொடுப்பைத் தொடாமல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ‘சிட்டிசன் லாப்’ ஆய்வகத்துக்கு அனுப்பினார். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் விற்ற ‘பெகாசஸ்’ என்ற வேவு நிரல் அங்கே வெளிப்பட்டது. தொடுப்பைத் தொட்டிருந்தால் அந்நிரல் முதலில் செய்திருக்கக்கூடியது என்ன? அவருடைய ஐபோனின் வேலிகளையெல்லாம் தொலைவிலிருந்தே தகர்த்து, வேரின் அதிகாரத்தைக் கைப்பற்றுவதுதான். சொந்தக்காரர் ஆசையோடு செய்வதும் வேவுகாரன் இரகசியமாகச் செய்வதும் யந்திரத்தின் பார்வையில் ஒரே கிரியை. அவன் எத்தனையோ கோடி செலவிட்டுப் பெற முயலும் நிலையை, நாம் விலையின்றி ஆயத்தம் செய்து வைக்கலாமா என்பதே என் வினா.

திறந்த பூட்லோடரால் நேரும் நஷ்டம் இன்னொன்று உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நல்ல கைப்பேசி ஒன்று உயிர்பெறும்போது, சிப்பில் அழிக்க முடியாதபடி பொறிக்கப்பட்ட நிரல் பூட்லோடரின் முத்திரையைச் சோதிக்கிறது. பூட்லோடர் கருவின் முத்திரையைச் சோதிக்கிறது. கரு, இயங்குதளத்தின் கோப்புகள் அடங்கிய சேமிப்பகத்தைச் சிறு சிறு துண்டமாகப் படிக்கும்போதெல்லாம், அந்தத் துண்டம் செய்தவர் கையெழுத்திட்ட நாளில் இருந்தபடியே இருக்கிறதா என்று கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டே போகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அத்துண்டத்தை ஏற்க மறுக்கிறது. ‘சரிபார்த்த தொடக்கம்’ எனப்படும் இந்தச் சங்கிலியின் பலன் என்னவென்றால், ஒரு தீநிரல் எப்படியோ ஒருநாள் உள்ளே நுழைந்துவிட்டாலும், இயங்குதளத்திற்குள் வேரூன்ற முடியாமல், கைப்பேசியை அணைத்து எழுப்பியதும் பெரும்பாலும் பிடிமானம் இழந்துவிடுகிறது. பூட்டைத் திறந்தே வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கிலி பூட்லோடரோடு அற்றுப்போகிறது. தங்கும் விடுதியில் கைப்பேசியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனவர் திரும்பி வரும்போது, கையில் எடுப்பது தாம் வைத்துவிட்டுப் போனதுதானா என்று அறிய அவருக்கு மார்க்கமே இல்லை.

வங்கிகள் ரூட் செய்த கைப்பேசியைக் கண்டால் தம் செயலியைத் திறக்க மறுப்பதும் இதன் தொடர்ச்சிதான். செயலி தான் நின்றுகொண்டிருக்கும் தரையை நம்பலாமா என்று கைப்பேசியின் சிப்பிடமே அத்தாட்சி கேட்கிறது. அறுந்த சங்கிலி அத்தாட்சி தர முடியாது. மறைத்து ஏமாற்றும் உபாயங்கள் பல உண்டாயின. மேஜிஸ்க் கருவியே நெடுங்காலம் அதற்கு ஒரு வசதி தந்தது. 2021-இல் ஜான் வூ கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தபோது, அந்த மறைப்பு வசதியைத் தம் கருவியிலிருந்து நீக்கிவிட்டார். வேறு சிலர் அந்த ஓட்டப்பந்தயத்தைத் தொடர்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் புதிய தந்திரம், அதற்குப் புதிய தடை என்று நடக்கும் அந்தப் பந்தயத்தில், காய்கறிக்கடையில் பணம் கொடுக்க நிற்கும் ஒருவர் தம் வாழ்க்கையை ஒப்படைப்பது உசிதம் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் நிறுவனங்கள் கொடுத்ததை வாய்மூடி ஏற்றுக்கொள்வதுதானா கதி? அங்கேதான் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியைக் கண்டவர்களுக்குக் கைப்பேசி உபயோகிப்போர் எல்லோரும் கடமைப்பட்டவர்கள் என்று நான் கருதுகிறேன். பூட்டைத் திறப்பது, நம்பத்தக்க ஓர் இயங்குதளத்தை முழுமையாக ஏற்றுவது, அதைச் செய்தவரின் முத்திரையைக் கைப்பேசியின் சிப்பில் பதிவுசெய்து, பூட்டை மீண்டும் பூட்டிவிடுவது. அதன்பின் பழைய சங்கிலி முழுதும் உயிர்பெறும். வேறுபாடு ஒன்றே: சங்கிலியின் உச்சியில் இருக்கும் முத்திரை, நிறுவனம் தேர்ந்தது அன்று, நாம் தேர்ந்தது. கைப்பேசியை ஆள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. சட்டத்தை யார் இயற்றலாம் என்று ஒருமுறை தீர்மானிக்கும் உரிமை குடிமகனுக்கு இருக்கிறது. அதற்காக அவன் தினந்தோறும் காவற்கூடத்தின் சாவியை மடியில் முடிந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

இந்த வழியில் மிகவும் முன்னேறிச் சென்றிருப்பது ‘கிராஃபீன் ஓஎஸ்’. டேனியல் மிகே என்பவர் 2014-இல் தனியொருவராகத் தொடங்கிய முயற்சியின் வளர்ச்சி அது. 2019 முதல் இப்பெயரோடு விளங்குகிறது. அதைச் செய்கிறவர்கள் ரூட் வசதியை அளிப்பதில்லை. அளிக்கலாகாது என்றே வாதிக்கிறார்கள். அவர்கள் செய்திருப்பது அதற்கு நேர் எதிரான ஒரு காரியம். சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘கூகுள் பிளே சேவைகள்’ என்ற நிரல், மற்றச் செயலிகளுக்கு இல்லாத விசேஷச் சலுகைகளோடு, ஏறத்தாழ அரண்மனைக்குள்ளேயே வாசம் செய்கிறது. கிராஃபீனில் அது முதலில் இருப்பதே இல்லை. வேண்டும் என்று கேட்பவருக்கு 2021 முதல் அதை ஏற்ற வழி செய்திருக்கிறார்கள். ஆனால் மற்றெந்தச் செயலியையும் போல ஓர் எண்ணும் ஓர் அறையும் பெற்ற சாமானியப் பிரஜையாகவே அது வர வேண்டும். இருப்பிடம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் வாளாவிருக்க வேண்டும். இணையத்தைத் தொடும் உரிமையையே ஒரு செயலிக்கு மறுக்கலாம். அசைவையும் திசையையும் அறியும் உணரிகளை மறுக்கலாம். முகவரிப் புத்தகம் முழுவதையும் கேட்கும் செயலிக்கு இரண்டே பெயர்களைக் காட்டிவிட்டு, புத்தகமே அவ்வளவுதான் என்று அது நம்பும்படி செய்யலாம். அந்தரங்கம், நாம் ஒரு படி மேலே ஏறியதனால் அங்கே கிடைத்ததன்று. எல்லோருக்கும் மேலே இருந்த ஒருவரைக் கீழே இறக்கியதனால் கிடைத்தது.

இந்த இயங்குதளம் நெடுங்காலமாகக் கூகுள் நிறுவனமே செய்யும் ‘பிக்ஸல்’ கைப்பேசிகளில் மட்டும் இயங்கி வந்திருக்கிறது. கூகுளின் பார்வையிலிருந்து விலக விரும்புகிறவர் கூகுளிடமே கைப்பேசி வாங்குவதா என்று பலர் மனம் கூசுவார்கள். நானும் வெகுநாள் கூசினேன். காரணத்தைத் தெரிந்துகொண்ட பின்னர் அந்தத் தயக்கம் நீங்கியது. அன்னியருடைய முத்திரையைப் பதிந்து பூட்டை மீண்டும் பூட்ட அனுமதிக்கும் கைப்பேசிகள் மிகச் சில. 2018-இல் வந்த மூன்றாம் பிக்ஸல் முதற்கொண்டு, கடவுச்சொல்லைக் கணக்கின்றி ஊகித்துப் பார்க்க விடாமல் காக்கும் ‘டைட்டன்’ என்ற தனிச் சிப்பு அவற்றில் இருக்கிறது. 2023-இல் வந்த எட்டாம் பிக்ஸல் முதல், ஏழு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் தருவதாக வாக்களித்திருக்கிறார்கள். மறுபுறம் மற்ற நிறுவனங்களைப் பாருங்கள். ஹுவாவே 2018-இல் பூட்டைத் திறக்கும் குறியீடு வழங்குவதையே நிறுத்திவிட்டது. சாம்ஸங் கைப்பேசியில் அதிகாரபூர்வமற்ற இயங்குதளத்தை ஏற்றினால், சிப்புக்குள் ஒரு மின்னிழை நிரந்தரமாக எரிந்துபோய், பழைய இயங்குதளத்தையே திரும்ப ஏற்றினாலும் அந்த வடு ஆறுவதில்லை. சில வசதிகள் அதன்பின் என்றென்றைக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே கைப்பேசி வாங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது, நிழற்படக் கருவியின் நுட்பத்தையும் திரையின் ஒளியையும் விசாரிப்பதற்கு முன்பு, இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் வரும், பூட்டைத் திறக்கவும் திரும்பப் பூட்டவும் இயலுமா என்ற இரண்டையும் விசாரிக்க வேண்டும் என்பதே. கைமாறி வரும் பழைய பிக்ஸலை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவில் சில தொலைபேசி நிறுவனங்கள் விற்ற பிக்ஸல்களில் பூட்டைத் திறக்கவே இயலாது. அமைப்புகளில் அந்த விருப்பம் மங்கிக் கிடக்கும். பணத்தை நீட்டுவதற்கு முன்பு விற்பவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வது நலம். பிக்ஸல் வாங்க வசதியில்லாதவர், வேறு கைப்பேசியில் கூகுளின் செயலிகள் இல்லாத லினேஜையோ /இ/ஓஎஸ்ஸையோ ஏற்றினால், தகவல் கசிவு பெரிதும் குறையும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் பூட்டு திறந்தபடியே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். விளம்பரச் சந்தையாரிடமிருந்து ஒதுங்குவது மட்டுமே ஒருவர் நோக்கமானால் அந்தப் பேரம் தகும். கைப்பேசி பிறர் கையில் சிக்கும் அபாயத்தில் வாழும் பத்திரிகையாளருக்குத் தகாது.

ரூட் செய்வோர் விரும்பும் வசதிகளிற் பல இன்று ரூட் இன்றியே கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் வெளிவந்த ஒன்பதாம் ஆண்ட்ராய்டு முதல், அமைப்புகளில் உள்ள ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்ற இடத்தில், விளம்பரங்களை வடிகட்டும் ஒரு சேவையின் பெயரை எழுதிவிட்டாலே விளம்பரங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். வேண்டாத செயலிகளை, கணினியோடு ஒரு கம்பியால் இணைத்து, சில கட்டளைகளால் செயலிழக்கச் செய்யலாம். எந்தச் செயலி எங்கே போகிறது என்று கண்காணிக்கும் தடுப்புச் செயலிகளும் பூஜ்யத்தின் துணையின்றியே இயங்குகின்றன.

எனினும் வேரின் அதிகாரத்தால் மட்டுமே ஆகும் காரியங்கள் சில உண்டு. என் தமையனார் காலமாவதற்கு முன்பு, குரல் பதிவு செய்யும் ஒரு சிறு செயலியில், எங்கள் தந்தையைப் பற்றிய நினைவுகளைப் பல நாட்கள் பேசி வைத்திருந்தார். அந்தச் செயலியை நடத்தியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். திறந்தால் அது தன் சேவையகத்தைத் தேடி அலைந்துவிட்டு மூடிக்கொள்ளும். பதிவுகள் கைப்பேசிக்குள்ளேயே அதன் தனி அறையில் இருந்தன. வெளியே எடுக்க வாசல் இல்லை. நல்லவேளையாக அது முன்பே நான் விளையாட்டாக ரூட் செய்து அவருக்குக் கொடுத்திருந்த பழைய கைப்பேசி. ஓர் இரவு உட்கார்ந்து, சாதாரணப் பயனரைக் குறிக்கும் டாலர்க் குறி மறைந்து வேரின் அடையாளமான ‘#’ குறி தோன்றிய கருந்திரையில் கட்டளையிட்டு, நாற்பத்திரண்டு பதிவுகளையும் பிரதி எடுத்தேன். அந்த அதிகாரத்தை எவருக்கும் கொடுக்கலாகாது என்று எவரேனும் சட்டம் செய்ய முற்பட்டால், அதை எதிர்ப்பவர்களோடு நான் நிற்பேன். அதே கைப்பேசியில் என் வங்கிக் கணக்கை வைத்துக்கொள்ள மாட்டேன். ஆராய்ச்சிக்கும் மீட்புக்கும் பழகிப் பார்ப்பதற்கும் ஒரு பழைய கைப்பேசியை ரூட் செய்து வைத்திருப்பதும், அன்றாடம் சட்டைப்பையில் சுமக்கும் கைப்பேசியைப் பூட்டி வைத்திருப்பதும் ஒரே மனிதர் ஒரே நியாயத்தோடு செய்யக்கூடியவை.

எந்த இயங்குதளத்தாலும் மறைக்க இயலாதது ஒன்று உண்டு. கைப்பேசி அழைப்பை ஏற்க வேண்டுமானால், தான் எந்தக் கோபுரத்தின் அருகில் இருக்கிறது என்பதைத் தொலைபேசி நிறுவனத்துக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்டே ஷ்பிட்ஸ், தம்மைப் பற்றித் தம் தொலைபேசி நிறுவனம் சேமித்து வைத்திருந்த தகவல்களை வழக்குத் தொடுத்துப் பெற்றார். 2009 ஆகஸ்டு முதல் 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதத்துக்கு 35,830 பதிவுகள் இருந்தன. ‘டி ட்ஸைட்’ பத்திரிகை 2011-இல் அவற்றை ஒரு வரைபடத்தின் மேல் ஓடவிட்டுக் காட்டியபோது, அவர் எந்த ரயிலில் ஏறினார், எங்கே இறங்கினார், எப்போது உறங்கினார் என்பது வரை எவரும் கண்டுகொள்ள முடிந்தது. அந்தப் பதிவுகள் அவருடைய கைப்பேசிக்குள் இருந்தவை அல்ல. ரூட் செய்தாலும், கிராஃபீன் ஏற்றினாலும், அவற்றில் ஒரு வரி கூடக் குறையாது. ‘லிப்ரெம் 5’ என்ற கைப்பேசியைச் செய்தவர்கள் இதை உணர்ந்துதான், கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் பகுதியின் மின்னோட்டத்தையே துண்டிக்கும் ஒரு சுவிட்சைப் பக்கவாட்டில் பொருத்தினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதை அணைத்திருக்கும் வரையில் அது தொலைபேசி அன்று என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் நண்பரின் மகளுக்காக ஒரு பிக்ஸலில் கிராஃபீனை ஏற்றினோம். கணினியின் உலாவியிலேயே சில பொத்தான்களை அழுத்தி முடிக்கத்தக்க வேலை அது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. கடைசிக் கட்டமாகப் பூட்டை மீண்டும் பூட்டும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஒலிப் பொத்தானால் சம்மதத்தையும் தெரிவித்தபோது, கைப்பேசி ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு எழுந்தது. மஞ்சள் நிறக் குறியோடு, வேறோர் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டிருப்பதாக ஓர் அறிவிப்பும், அதன் கீழே எண்ணும் எழுத்தும் விரவிய ஒரு நீண்ட சரமும் தோன்றின. அதுதான் சங்கிலியின் உச்சியில் பதிந்த முத்திரையின் அடையாளம். அந்தப் பெண் அதைத் தாளில் எழுதிக்கொள்ள நேரம் போதாமல் மறுபடியும் ஒருமுறை அணைத்து எழுப்பினாள். பிறகு கிராஃபீன் தன் தளத்தில் அந்த மாடலுக்கென வெளியிட்டிருக்கும் சரத்தை என் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு விரலைத் தாளிலும் மற்றொரு விரலைத் திரையிலும் வைத்து, ஓர் எழுத்தும் தப்பாமல் கடைசிவரை ஒத்துப் பார்த்தாள்.